லஃபயெட் தெருவின் திகில் இதழ்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், ஹவுஸ்டன் தெருவிலிருந்து தெற்கு நோக்கி ஃபோலி சதுக்கம் வரை செல்லும் லஃபயெட் தெருவின் பகுதி, நிதானமாக நடப்பவருக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத தொலைவுதான். ஆயினும் அமெரிக்காவின் பழைய திகில் காமிக்ஸ் இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு அந்தக் குறுகிய தொலைவு ஒரு யாத்திரைப் பாதைக்கு நிகரானது. இன்று அவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கும் இதழ்களில் மிகச் சிறந்தவை உருவான அலுவலகமும், அவற்றின் வாழ்வை முடித்துவைத்த விசாரணை நடைபெற்ற நீதிமன்றமும் அந்த ஒரே தெருவின் வழியில் அமைந்திருக்கின்றன.

திகில் காமிக்ஸ் என்ற சொல் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 1980களில் சிவகாசியிலிருந்து அதே பெயரில் ஓர் இதழே வெளிவந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதனுள் ஒரு காலப்பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, 'ப்ரீ-கோட்' என்று அழைக்கிறார்கள். 1954 அக்டோபரில் காமிக்ஸ் பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தணிக்கை விதித்தொகுப்பு 'கோட்' எனப்பட்டது. அதற்கு முன் வந்தவை என்பதே அச்சொல்லின் பொருள். முழுக்க முழுக்கத் திகில் கதைகளாலான முதல் காமிக்ஸ் இதழ் எனப் பொதுவாகக் கருதப்படும் ஏவன் நிறுவனத்தின் 'ஈரி' 1947 ஜனவரித் தேதியிட்டது. அது ஒரே இதழோடு அப்போதைக்கு நின்றுவிட, தொடர்ந்து வெளிவந்த முதல் திகில் இதழாக 'அட்வென்ச்சர்ஸ் இன்டு தி அன்னோன்' 1948இல் தொடங்கியது. ஆகவே சேகரிப்பாளர்கள் போற்றும் இந்தக் காலம் முழுவதுமே எட்டாண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

பயணத்தை ஹவுஸ்டன் தெரு முனையிலுள்ள பக் கட்டடத்தில் தொடங்குவது பொருத்தமானது. 1880களின் நடுவில் கட்டப்பட்ட இந்தச் செங்கல் கட்டடத்திலிருந்துதான் வண்ணக் கேலிச்சித்திரங்களுக்குப் பெயர்பெற்ற 'பக்' வார இதழ் அச்சாகி வெளிவந்தது. பொன்முலாம் பூசிய பக் என்னும் குறும்புச் சிறுவனின் சிலை இன்றும் கட்டடத்தின் மேல் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லஃபயெட் தெருவைத் தெற்கே நீட்டியபோது கட்டடத்தின் மேற்குப் பகுதியை இடித்து முகப்பை மாற்றி அமைக்க நேர்ந்தது என்பதால், அமெரிக்கச் சித்திர இதழியலின் ஒரு பக்கத்தை வெட்டிக்கொண்டுதான் இந்தத் தெருவே உருவானது எனலாம். திகில் இதழ்களோடு பக்கிற்கு நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. மலிவான தாளில் வண்ணப் படம் அச்சிட்டு விற்கும் தொழில் இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு பழையது என்பதைக் காட்டும் சான்றாகவே அதைப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே சில நிமிடங்கள் நடந்தால், ஸ்பிரிங் தெரு சந்திக்கும் இடத்தில் 225ஆம் எண் கட்டடம் வருகிறது. தரையடிச் சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டுகளும் கடைகளும் ஓயாத வாகன இரைச்சலுமாக உள்ள அந்த முனையில், 'இசி காமிக்ஸ்' என்ற பெயரைத் தேடி மேலே அண்ணாந்து பார்ப்பவர்கள் அதன் வாசகர்களாக மட்டுமே இருக்க முடியும். காமிக்ஸ் இதழைத் தனிப் பண்டமாக விற்க முடியும் என்பதை 1930களிலேயே கண்டுகொண்டவர்களில் ஒருவரான மேக்ஸ் கெய்ன்ஸ், ஃபிளாஷ், கிரீன் லான்டர்ன், வொண்டர் வுமன் ஆகிய நாயகர்களை வெளியிட்ட ஆல்-அமெரிக்கன் நிறுவனத்தை நடத்தியதும், அதிலிருந்து விலகிய பின் பைபிள் கதைகளையும் வரலாற்றையும் படக்கதையாக்கும் நோக்கத்தில் 'எஜுகேஷனல் காமிக்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்த முகவரியில்தான். 1947 ஆகஸ்டில் லேக் பிளாசிட் ஏரியில் நிகழ்ந்த படகு விபத்தில் அவர் இறந்தபோது, வேதியியல் ஆசிரியராகும் எண்ணத்தோடு படித்துக்கொண்டிருந்த மகன் வில்லியம் கெய்ன்ஸிடம் கடன்பட்ட நிலையில் இருந்த நிறுவனம் வந்து சேர்ந்தது. 'எஜுகேஷனல்' என்பது 'என்டர்டெய்னிங்' என்று மாறியது. இசி என்ற சுருக்கம் மட்டும் அப்படியே நின்றது.

1948இல் ஓவியராகச் சேர்ந்து விரைவில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் ஆன அல் ஃபெல்ட்ஸ்டைனும் வில்லியம் கெய்ன்ஸும் சேர்ந்து, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த குற்றக்கதை இதழ்களின் கடைசிப் பக்கங்களில் ஒரு திகில் கதையை நுழைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வாசகர்களின் வரவேற்பைக் கண்டபின் 1950 வசந்தத்தில் மூன்று திகில் இதழ்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்தன. 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்' (சில மாதங்களில் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' எனப் பெயர் மாறியது இதுவே), 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' ஆகிய அம்மூன்றிலும் முறையே நிலவறைக் காவலன், பெட்டகக் காவலன், கிழச் சூனியக்காரி ஆகிய கதைசொல்லிகள் தோன்றி, வாசகனை முகத்துக்கு நேராகக் கேலி செய்தபடி கதையை நடத்திச் செல்வார்கள். நம் கூத்து மேடையில் கட்டியங்காரன் வந்து அவையோரோடு பேசிவிட்டுக் கதைக்கு வழிவிடுவதை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது.

இந்த இதழ்களைச் சேர்க்கப் புகுபவர் முதலில் தடுமாறுவது எண்களில்தான். 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்' இதழின் முதல் வெளியீட்டு எண் 17. 'தி வால்ட் ஆஃப் ஹாரர்' 12இல் தொடங்குகிறது. 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' 15இல் தொடங்குகிறது. சலுகைக் கட்டணத்தில் இதழை அஞ்சலில் அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு புதிய இதழுக்கும் அஞ்சல் துறையிடம் கட்டணம் செலுத்தித் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கும் பொருட்டுப் பதிப்பாளர்கள் புதிய இதழைத் தொடங்காமல் பழைய இதழின் பெயரை மட்டும் மாற்றி எண்வரிசையைத் தொடர்ந்தார்கள். 'கிரைம் பேட்ரோல்' 16ஆம் இதழோடு நின்று 17ஆம் இதழாகக் 'கிரிப்ட்' வந்ததும், 'கன்ஃபைட்டர்' என்ற குதிரைவீரர் கதை இதழ் 14இல் நின்று 15இல் 'ஹான்ட்' ஆனதும் அப்படித்தான். 'ஹான்ட்' விஷயத்தில் அஞ்சல் துறை இதை ஏற்காததால், 15, 16, 17 என மூன்று இதழ்கள் வந்தபின் நான்காவது இதழ் 4 என்ற எண்ணோடு வெளிவந்தது. அதன் விளைவாக 1950இலும் பின்னர் 1952, 1953ஆம் ஆண்டுகளிலுமாக 15, 16, 17 ஆகிய எண்கள் இரண்டு முறை வருகின்றன. எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர் முதல் இதழ் என நினைத்துப் பதினைந்தாவது இதழோடு வீடு திரும்பக்கூடும் என்பதால், பட்டியல்களில் முதலாவதை 15(1) என்று அடைப்புக்குறியோடு குறிக்கிறார்கள். எல்லா இதழ்களின் நடுவிலும் படமில்லாத இரண்டு பக்கக் குறுங்கதை ஒன்று இடம்பெற்றிருப்பதற்கும் அதே அஞ்சல் விதியே காரணம். படங்களை மட்டும் கொண்ட வெளியீட்டுக்குச் சலுகை கிடைக்காது. பழைய இதழை ஒரு தொல்பொருளாகப் படிக்கத் தெரிந்தவருக்கு, கதைக்கு வெளியிலும் இவ்வளவு செய்தி அதில் பதிந்து கிடக்கிறது.

225ஆம் எண் கட்டடத்தில் நடந்த வேலைமுறை தனித்துச் சொல்லத்தக்கது. ஃபெல்ட்ஸ்டைன் கதையையும் உரையாடலையும் நேராக ஓவியப் பலகையின் மீதே எழுதிவிடுவார். லெராய் எனப்படும் பொறியாளர் வரைபடங்களுக்கான எழுத்துக் கருவியைக் கொண்டு எழுத்துகள் பதிக்கப்படும். அதன் பிறகே, எழுத்து போக எஞ்சிய வெற்றிடத்தோடு, பலகை ஓவியரின் கைக்கு வரும். இது ஓவியரைக் கட்டிப்போடும் முறை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த எஞ்சிய இடத்துக்குள் ஒவ்வோர் ஓவியரும் தம் கையெழுத்தை அடையாளம் காணும்படி வரைய நிறுவனம் ஊக்குவித்தது. யாருடைய நடையையும் நகலெடுக்கச் சொல்லவில்லை. அக்காலத்தின் பெரும்பாலான காமிக்ஸ்களில் ஓவியர் பெயரே இராது என்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். அழுகும் சதையையும் எச்சில் வழியும் வாயையும் தூரிகையால் இழைத்த கிரஹாம் இங்கெல்ஸ் 'காஸ்ட்லி' என்றே கையொப்பமிட்டார். அச்சொல்லுக்குக் கோரமானது என்று பொருள். ஜாக் டேவிஸின் கோடுகள் முரட்டு வேகம் கொண்டவை. ஜானி கிரேக் தாமே எழுதித் தாமே வரைந்தவர், அவருடைய பக்கங்கள் துப்புரவானவை, அதனாலேயே அவற்றில் நிகழும் கொலை கூடுதலாக நடுங்கவைக்கும். இவற்றுக்கெல்லாம் வண்ணம் தீட்டிய மேரி செவரினின் பெயரைச் சேகரிப்பாளர்கள் நீண்ட காலம் போதிய அளவு சொல்லவில்லை. அளவு மீறிய காட்சியை ஒரே அடர்நீலத்தில் மூழ்கடித்துப் பார்வையிலிருந்து பாதி மறைத்தவர் அவர்.

இக்கதைகள் எவ்வகையின என்பதற்கு 'ஹான்ட் ஆஃப் ஃபியர்' 12ஆம் இதழில் இங்கெல்ஸ் வரைந்த 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' நல்ல எடுத்துக்காட்டு. யாருக்கும் தீங்கு நினைக்காத ஓர் ஏழைக் கிழவரின் குடிசை தங்கள் தெருவுக்கு அழகுக் குறைவு என்று கருதிய பணக்காரத் தந்தையும் மகனும், அண்டை அயலாரின் பெயரில் இழிவான வாழ்த்து அட்டைகளைக் காதலர் தினத்தன்று கட்டுக்கட்டாக அனுப்பி அவரைத் தற்கொலைக்குத் தள்ளுகிறார்கள். ஓராண்டு கழித்துப் பிணம் கல்லறையிலிருந்து எழுந்துவருகிறது. கடைசிப் படத்தில் உள்ளது கொடூரம்தான். ஆனால் அதற்கு முந்தைய பக்கங்கள் அனைத்திலும் வாசகனின் மனம் அந்தக் கிழவரின் பக்கமே நிற்குமாறு செய்யப்பட்டிருக்கிறது. எளியவனை வதைத்தவன் தப்பமாட்டான் என்ற ஒழுக்கக் கணக்கு, இசியின் திகில் கதைகளில் மிகப் பலவற்றின் அடித்தளம்.

இந்தக் கட்டடத்திலிருந்து தெற்கே கிராண்ட் தெருவையும் சைனாடவுனின் விளிம்பிலுள்ள கனால் தெருவையும் கடந்து நடந்தால் ஃபோலி சதுக்கம் வருகிறது. கடைகள் அருகி, அரசுக் கட்டடங்களின் கல்முகப்புகள் எழும் அந்த இடத்தில், பத்துப் பெருந்தூண்களுக்குப் பின்னால் கோபுரமாக உயர்ந்து பொன்னிறக் கூம்பில் முடிகிறது கூட்டாட்சி நீதிமன்றம். கேஸ் கில்பர்ட் வடிவமைத்து 1936இல் நிறைவுற்ற இந்தக் கட்டடத்தில் 1954 ஏப்ரல் 21, 22, ஜூன் 4 ஆகிய நாட்களில், இளையோர் குற்றங்களை ஆராயும் செனட் துணைக்குழு காமிக்ஸ் குறித்த விசாரணையை நடத்தியது. குழுவின் தலைவர் நியூஜெர்சியைச் சேர்ந்த ராபர்ட் ஹென்ட்ரிக்சன். நாடறிந்த முகம், டென்னசியைச் சேர்ந்த எஸ்டஸ் கிஃபாவர். தாமாக முன்வந்து சாட்சியம் அளித்த ஒரே காமிக்ஸ் பதிப்பாளரான வில்லியம் கெய்ன்ஸ் தம் அலுவலகத்திலிருந்து இந்த இடத்துக்கு வரக் கடக்க வேண்டியிருந்த தொலைவு, கால்மணி நேர நடை மட்டுமே.

அந்த அறையில் அன்று நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய சேகரிப்புச் சந்தையைப் புரிந்துகொள்ள முடியாது. கிஃபாவர் உயர்த்திக் காட்டியது 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழின் அட்டை. ஜானி கிரேக் வரைந்த அந்தப் படத்தில் ஒருவன் ஒரு கையில் இரத்தம் தோய்ந்த கோடரியும் மறு கையில் ஒரு பெண்ணின் தலையும் பிடித்து நிற்கிறான். இது நல்ல ரசனையா என்று கேட்கப்பட்டபோது, திகில் இதழின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றும், தலையை இன்னும் உயர்த்திக் கழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால் அதுவே மோசமான ரசனை என்றும் கெய்ன்ஸ் விடை கூறினார். ஓவியரின் முதல் வரைவு உண்மையில் அவ்வாறே இருந்தது என்பதும், அதைக் குறைக்கச் சொன்னவர் கெய்ன்ஸ் என்பதும் பின்னர் தெரியவந்தன. ஆனால் மறுநாள் நாளிதழில் அந்த விடை அச்சானபோது அதற்கு விளக்கம் சொல்ல யாருக்கும் இடமில்லை. உள்ளே இருந்த கதைகள் எழுதப்பட்ட முறை, வரையப்பட்ட முறை, அவற்றின் ஒழுக்கக் கணக்கு எதுவும் அந்த அறையில் அட்டையளவு எடை பெறவில்லை.

அதே நாளில் சாட்சியம் அளித்த மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தமும் இதற்கு விலக்கன்று. ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய அவர் அந்த ஆண்டில்தான் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' என்ற நூலை வெளியிட்டு, காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றத்துக்குப் பழக்குகிறது என்று வாதிட்டிருந்தார். மெக்சிகோ மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் ஒன்று கெய்ன்ஸின் ஒரு கதையில் திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர் குழுவின் முன் குற்றம் சாட்டினார். அந்தக் கதை 'ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்' 14ஆம் இதழில் வந்த, வாலி வுட் வரைந்த 'தி விப்பிங்'. இனவெறி கொண்ட ஒரு தந்தை, மகள் விரும்பும் மெக்சிகோ இளைஞனைத் தாக்க முகமூடிக் கூட்டத்தைத் திரட்டிச் சென்று, இருட்டில் தன் மகளையே சாகும்வரை அடித்துவிடுவதே அக்கதை. இழிசொல் வருவது அந்த வெறியனின் வாயில். சொற்களை எண்ணியவர் கதையின் முடிவைக் கணக்கில் எடுக்கவில்லை.

சட்டம் எதையும் செனட் கொண்டுவரவில்லை. கொண்டுவரத் தேவையும் ஏற்படவில்லை. நாடெங்கும் பெற்றோர், மதச் சபைகள், பத்திரிகைகள் ஆகியவற்றின் எதிர்ப்பு 1948இலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் ஏறத்தாழ 2,000 காமிக்ஸ் இதழ்களைக் குவித்து எரித்தார்கள். விசாரணைக்குப் பின் விற்பனையாளர்கள் கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். 1954 செப்டம்பரில் கெய்ன்ஸ் திகில் இதழ்களை நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்த மாதம் பதிப்பாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட விதித்தொகுப்பு, இதழின் பெயரில் 'ஹாரர்', 'டெரர்' ஆகிய சொற்களையே தடை செய்ததோடு, நடமாடும் பிணங்களையும் இரத்தக்காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் கதையிலிருந்து விலக்கியது. சலனம் கடல் கடந்தும் சென்றது. பிரிட்டன் 1955இல் சிறுவர்க்குத் தீங்கு பயக்கும் வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்ற, இந்திய நாடாளுமன்றம் 1956இல் அதன் சாயலிலேயே இளையோர் (தீங்கு பயக்கும் வெளியீடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது; இருபது வயதுக்கு உட்பட்டவர்களை அது இளையோர் என வரையறுத்தது.

ஃபோலி சதுக்க நீதிமன்றத்துக்கு 2001இல் தர்குட் மார்ஷலின் பெயர் சூட்டப்பட்டது. பள்ளிகளில் நிறவேற்றுமையை ஒழித்த 1954 மே மாதத்துத் தீர்ப்புக்காக வாதாடி, பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர் அவர். அந்த வழக்குகளுள் ஒன்றான டெலவேர் வழக்கில், தனிப்பள்ளி முறை கறுப்பினக் குழந்தைகளின் மனத்தைச் சிதைக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்த மருத்துவர் வேறு யாருமல்லர், வெர்த்தம்தான். இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் அவரை வெறும் வில்லனாக்கிப் பேசுவது காமிக்ஸ் அன்பர்களிடையே பரவலாக உள்ள ஒரு குறை. எனவே பயணம் அங்கிருந்து, அவருடைய மருத்துவமனை இருந்த ஹார்லெமுக்குத் திரும்புவது நியாயம்.

சேம்பர்ஸ் தெரு நிலையத்திலிருந்து 2 அல்லது 3ஆம் எண் ரயில் 135ஆம் தெருவுக்கு நேராகச் செல்கிறது. நியூயார்க்கின் சுரங்க ரயிலில் அமரும்போது இசி வாசகர்களுக்கு ஒரு கதை நினைவுக்கு வராமல் போகாது. திகில் இதழ்கள் நின்றபின் தொடங்கிய 'இம்பாக்ட்' முதல் இதழில் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் வரைந்த 'மாஸ்டர் ரேஸ்' அது. நாஜி வதைமுகாமின் முன்னாள் அதிகாரி ஒருவன் பல ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் சுரங்க ரயிலில், முகாமில் தான் கண்ட ஒரு முகத்தை எதிரே பார்க்கிறான். ஆறு பக்கமாகக் கொடுக்கப்பட்ட கதையை எட்டுப் பக்கமாக்கக் கேட்டுப் பெற்ற கிரிக்ஸ்டைன், கட்டங்களை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, அவன் தண்டவாளத்தில் விழும் ஒரு நொடியை நீட்டுகிறார். கடந்து செல்லும் பெட்டியின் சன்னல்களில் ஒரே முகம் பலவாகத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ரயில் மேடையில் நின்று பார்ப்பவர் கண்ணில் உண்மையில் படிவதும் அதுதான். யூத இனப்படுகொலையைப் பற்றி அமெரிக்க வெகுசனக் கலை பெரிதும் வாய்திறக்காத 1955இல், பத்து சென்ட் விலையுள்ள இதழில் இது வந்தது.

134ஆம் தெருவில் உள்ள புனித ஃபிலிப் தேவாலயம், வெர்ட்னர் டான்டி, ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. அதன் துணைக்கட்டடத்தின் அடித்தளத்தில் 1946இல் வெர்த்தம் தொடங்கிய லஃபார்க் மருத்துவமனை, கறுப்பின மக்களுக்கு மனநல மருத்துவம் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், கொடுக்க முடிந்தவர்களிடம் 25 சென்ட் பெற்றுக்கொண்டு சிகிச்சை அளித்தது. காமிக்ஸ் பற்றிய அவருடைய கருத்துகள் உருவாகக் காரணமான சிறுவர்களில் பலர் இங்கு வந்தவர்கள். அமைதியான அந்தத் தெருவில் நின்று பார்க்கையில், அவருடைய அக்கறை பொய்யன்று என்பதை மறுக்க முடிவதில்லை. அக்கறை மெய்யாக இருப்பது ஆய்வு மெய்யாக இருப்பதற்கு உறுதிமொழி ஆகாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, இதழ்களின் இன்றைய நிலைக்கு வரலாம். காமிக்ஸ் கடைகளில் சாதாரணப் பழைய இதழ்கள் நீண்ட அட்டைப்பெட்டிகளில் நிறுத்தி அடுக்கப்பட்டிருக்கும்; விலைமிக்கவை கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கும், அதனால் அவற்றை 'சுவர் இதழ்' என்றே அழைப்பார்கள். திகில் இதழ்களின் இடம் பெரும்பாலும் அந்தச் சுவரே. மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை என்பதால் அவற்றில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டு அமிலமாகித் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. ஈரம் பட்டால் நடுவிலுள்ள கம்பி ஊசிகள் துருப்பிடித்துத் தாளில் கறை ஏற்றுகின்றன. கவனமுள்ளவர்கள் மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையோடு சேர்த்து, வெளிச்சம் படாமல் நிறுத்தி வைக்கிறார்கள். ஒட்டுநாடா போட்டுக் கிழிசலைச் சரிசெய்வதும், அட்டையின் வெளிறிய இடத்தில் மை தீட்டுவதும் பெருங்குற்றமாகக் கருதப்படுகின்றன. பழுதுபட்ட நேர்மையான இதழ் ஒப்பனை செய்த இதழைவிட மதிப்புக்குரியது.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிஜிசி நிறுவனம், இதழைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று தரமதிப்பெண் இட்டு, கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடித் தருகிறது. 'ஸ்லாப்' எனப்படும் அந்தக் கூடு போலி வாணிகத்தைக் குறைத்தது, தொலைவிலிருந்து வாங்குபவருக்கு நம்பிக்கை தந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் கூட்டை உடைத்தால் மதிப்பெண் செல்லாது என்பதால், அதற்குள் போன இதழை அதன்பின் யாரும் புரட்டுவதில்லை. பார்வைக்குக் கிடைப்பது முன்னட்டையும் பின்னட்டையும் மட்டும். விலையும் அட்டையைப் பின்பற்றியே ஓடுகிறது: விசாரணையில் காட்டப்பட்ட கோடரி அட்டையும், கதிரியக்கத்தால் உருகும் முகத்தை லீ எலியாஸ் வரைந்த 'பிளாக் கேட் மிஸ்டரி' 50ஆம் இதழும் தேடப்படுவது உள்ளிருக்கும் கதைகளுக்காக அல்ல. ஃபோலி சதுக்கத்தில் ஒரு செனட்டர் செய்ததைச் சந்தை வேறொரு நோக்கத்தோடு மீண்டும் செய்கிறது. இருவரும் அட்டையோடு நின்றுவிட்டார்கள்.

கெய்ன்ஸ் தாமே இதற்கு மாறான ஒரு காரியத்தைச் செய்திருந்தார் என்பது நினைக்கத்தக்கது. தம் ஒவ்வோர் இதழிலும் ஏறத்தாழப் பன்னிரண்டு படிகளை அச்சகத்திலிருந்து வந்தவுடனே எடுத்துக் கட்டி வைத்தார். மூல ஓவியங்களையும் அக்காலப் பதிப்பாளர்களைப் போல அழித்துவிடாமல் காத்தார். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ரஸ் காக்ரன் 1970களின் இறுதியிலிருந்து அந்த ஓவியங்களைக் கொண்டு இசியின் முழுத் தொகுதியையும் பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், கெட்டி அட்டைப் பெட்டிகளாக மறுபதிப்புச் செய்தார். இங்கெல்ஸின் தூரிகை எவ்வளவு நுட்பமானது என்பதைக் காண வேண்டுவோர்க்கு, மங்கிய புள்ளி வண்ணங்களில் அச்சான மூல இதழைவிட இந்த மறுபதிப்பே உதவும். மூல இதழைத் தொட்டுப் பார்ப்பதன் இன்பம் வேறு. ஓவியத்தைப் பார்ப்பதன் இன்பம் வேறு. தொடங்கும் சேகரிப்பாளர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், மறுபதிப்பில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, மிகப் பிடித்த ஓரிரு கதைகள் வந்த இதழை மட்டும், கிழிந்த படியானாலும், மூலத்தில் வாங்குவது நல்லது.

பயணத்தின் கடைசி நிறுத்தம் வாஷிங்டன். நியூயார்க்கின் பென் நிலையத்திலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் சென்றடையும் யூனியன் நிலையத்திலிருந்து, கேபிடல் கட்டடத்தைச் சுற்றி நடந்தால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் மாடிசன் கட்டடம் வருகிறது. காப்புரிமைப் பதிவுக்காகப் பதிப்பாளர்கள் அனுப்பிய படிகளிலிருந்து வளர்ந்த அந்நூலகத்தின் காமிக்ஸ் தொகுப்பில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் உள்ளன. அவற்றைச் செய்தித்தாள், பருவ இதழ் வாசிப்பு அறையில் கேட்டுப் பெறலாம். அங்கே இதழுக்குப் பிளாஸ்டிக் கூடு இல்லை. மேசைமீது வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். இரண்டு பக்கக் குறுங்கதை, உடல் வளர்க்கும் கருவி விளம்பரம், வாசகர் கடிதம், கடைசிப் படம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

அதே கட்டடத்தில்தான், கையெழுத்துப் பிரதிகள் பிரிவில், வெர்த்தமின் ஆவணங்களும் உள்ளன. 2010இல் அவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கரோல் டில்லி அவற்றை அவருடைய நூலோடு வரிவரியாக ஒப்பிட்டு 2012இல் தம் முடிவை வெளியிட்டார். சிறுவர்களின் வயதை மாற்றியது, பலர் சொன்னதை ஒருவர் சொன்னதாகச் சேர்த்தது, ஒருவர் சொன்னதைப் பலர் சொன்னதாகப் பிரித்தது, குடும்ப வன்முறை போன்ற வேறு காரணங்களைக் குறிப்பிடாமல் விட்டது ஆகியவை அதில் நிறுவப்பட்டன. 1954இல் யாரும் திறந்து பார்க்காத குறிப்பேடுகளை ஒருவர் பொறுமையாகத் திறந்து படித்ததால் கிடைத்த முடிவு அது.

குற்றம் சாட்டப்பட்ட இதழ்களும் குற்றம் சாட்டியவரின் குறிப்புகளும் இவ்வாறு ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இரண்டையும் கேட்டுப் பெறத் தேவையான வாசகர் அட்டை ஒன்றே. 16 வயது நிரம்பிய எவருக்கும், எந்த நாட்டவராயினும், அது கட்டணமின்றி வழங்கப்படுகிறது.